பேனா போட்டால் வெளியே

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமைச் சோதனை. முதல் இருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பிள் கூழைக் கடைசிக் கிண்ணம் வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். கூழுக்குள் நிலக்கடலைத் தூள் இருந்ததா என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாடியில் பூட்டிய அறைக்குள் கலக்கும் மருந்தாளருக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது ஆள் ஒரு தபால்காரர். நான்காவது கிண்ணத்தில் உதட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் அட்ரினலின் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அரிக்கிறது என்பது அவர் சொல்வது. நம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வர வேண்டும். எந்த அளவில் உடம்பு மறுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு? வந்தது. கழுத்தில் தடிப்பு, அடுத்து இருமல். "இப்போ போடு" என்றேன். சற்று நேரத்தில் தெளிந்து, வெளியே நிறுத்திய சைக்கிளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார்.

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்திருக்கும் பெயர் குடுக்கை. அவசரக்குடுக்கையின் சுருக்கம். எனக்கு அவர்கள் வைத்திருப்பது பாறை. டாக்டரம்மா இன்றும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பதறாத காரியம் சிதறாது. சிஸ்டரைப் பாத்துக் கத்துக்கோ." வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் ஆய்வில் அக்கா அடுத்த கட்டத்துக்கு ஏறிவிட்டாள். நிலக்கடலைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வாமை உள்ள உடம்பைப் பழக்குகிறோம். காலையில் வார்டில் வைத்துப் புது அளவைக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இனி அடுத்த முறை வரும்வரை தினமும் வீட்டிலேயே அதே அளவுத் தூளைச் சாப்பிட வேண்டும். நிலக்கடலையை அள்ளி அள்ளித் தின்ன வைப்பது எங்கள் ஆய்வின் நோக்கம் இல்லை. எங்கேயோ தெரியாமல் ஒரு துளி வயிற்றுக்குள் போனால் உயிர் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அதுவே போதும். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் டப்பாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். ஆசையெல்லாம் தொலைதூர வண்டி மேல். ஆனால் தொலைதூரம் என்றால் வேறு ஊர் டிப்போவில் தங்க வேண்டும், அங்கே கேண்டீனில் சாப்பிட வேண்டும். "உனக்கு நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா பஸ்ஸுல இருக்கறவங்க கதி? டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

கூடப்பிறந்தவள் என்பதால் அக்காவின் ஃபைலை நான் தொடக்கூடாது. குடுக்கைதான் பார்த்துக்கொள்கிறாள். என் கண்ணுக்கு முன்னால் அக்காவைக் குடுக்கையிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். எவ்வளவு பெரிய தியாகம்!

மார்ச் 12, புதன்

ஆய்வில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அட்ரினலின் பேனா ஊசிப் பயிற்சி. பயிற்சிப் பேனாவில் ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. தொடையின் வெளிப்பக்கம் வைத்து அழுத்தினால் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்துக்கே மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா, அக்காவின் வீட்டுக்காரர், சாவிக் கடை வைத்திருக்கிறார். எந்தப் பூட்டானாலும் திறந்துவிடுவார். ஊசியைக் கண்டால் மட்டும் ஆள் பாதியாகிவிடுவார்.

"ரத்தம் எடுக்கணும்னாலே என்னை நாலு பேர் புடிக்கணும்மா."

"இதுல ரத்தமே வராது மாமா."

"உனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியுமா?"

"இவரை நம்பியிருந்தா நான் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்றாள் அக்கா. அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

வழக்கமான பாடத்தைச் சொன்னேன். சந்தேகம் வந்தால் போடுங்கள். தேவையில்லாமல் போட்டுவிட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அவ்வளவுதான். தேவைப்படும்போது போடாவிட்டால் ஆள் கையை விட்டுப் போகலாம். அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

பின்வரிசையில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். "வீட்டுல பேனா போட்டுட்டா ஆய்வுலேர்ந்து பேரை எடுத்துடுவீங்கதானே?" ஆமாம் என்றேன். வீட்டில் பேனா போடும் அளவுக்கு ஆகிவிட்டால் அந்த உடம்பு இந்தச் சிகிச்சையைத் தாங்காது, மேலே போவது ஆபத்து என்று பாதுகாப்புக்காக வைத்த விதி. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மார்ச் 19, புதன்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளை, நாளை என்கிறார். வேறு விசேஷமில்லை.

மார்ச் 26, புதன்

அக்கா போன் செய்தாள். இன்னும் இரண்டே கட்டம். டிப்போவுக்குப் புதிதாக வந்திருக்கும் தொலைதூர வண்டியில் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாளாம். "சீட்டு என்னமா அமுங்குது தெரியுமா? ஸ்டியரிங் ஒரு விரல்ல திரும்புதுடி." சின்னப் பிள்ளை மாதிரி பேசினாள். அவளை இப்படிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று.

மார்ச் 31, திங்கள்

அக்கா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே தூளைச் சாப்பிட்டாள். இரண்டு நாளாக அவளுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாள். காய்ச்சல் இருந்தால் தூளைத் தொடக்கூடாது, எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். நேற்று வரை தாங்கிய அளவைக்கூடக் காய்ச்சல் உடம்பு தாங்காது. அவளுக்கும் தெரியும். ஒரு நாள் விட்டுப்போனால் கட்டம் தள்ளிப்போகுமே என்று மறைத்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையைச் சொறிந்தாள். உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. நான் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தோல், இருக்கிறது. உதடு, இருக்கிறது. மூச்சு, சீர். குரல், மாற்றமில்லை. மனத்துக்குள் வரிசையாக மதிப்பெண் போட்டுக்கொண்டே போகிறேன். எனக்குத் துளிப் பதற்றம் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

"பேனா வேணாண்டி" என்றாள் அக்கா. "போட்டா வெளிய அனுப்பிடுவாங்க."

"சரி, பாப்போம்" என்றேன். நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அலர்ஜி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இருமினாள். ஒரு இருமல்தானே என்று இருந்தேன். மறுபடி இருமினாள்.

"இன்னும் என்ன பாத்துக்கிட்டிருக்கே?" என்று மாமா கத்தினார்.

"ஒரு நிமிஷம் மாமா. குரல் மாறுதான்னு பாக்கறேன்."

குரல் மாறுதான்னு பாக்கறாளாம்! என்ன ஜென்மம் நான்?

மாமா என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். அக்காவின் கைப்பையைத் தரையில் கவிழ்த்தார். பேனாவை எடுத்து மூடியைப் பிடுங்கினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அக்காவின் தொடையில் வைத்து அழுத்தினார். இடம் சரியாக இருந்தது. எடுக்காமல் பிடித்துக்கொண்டு உரக்க எண்ணினார், நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே. எண்ணி முடித்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது.

அதற்கப்புறம்தான் நான் நர்ஸ் ஆனேன். அக்காவைப் படுக்க வைத்துக் காலுக்குத் தலையணை கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மாமா ஊசி போட்ட நேரத்தில் அவள் குரல் கரகரத்து, மூச்சு விசிலடித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் தெளிந்துவிட்டது. சில பேருக்கு அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்தில் திரும்பி வரும் என்பதால் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்? கடிகாரத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரியும். எழுத மனசு வரல.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயரை எடுத்துவிட்டதாக டாக்டரம்மா அவளிடம் சொன்னார். அக்கா அங்கே அழவில்லை, டாக்ஸியில் அழுதாள். மாமா முன்சீட்டில் இருந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா தானா அடங்கியிருக்கும். என்னமோ சாகக் கெடந்த மாதிரி..." என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது என்னைப் புரிஞ்சுகிட்டே."

மாமா திரும்பவில்லை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குப் பழச்சாறு பிழிந்து கொடுத்தாள். எனக்கு!

ஏப்ரல் 3, வியாழன்

குடுக்கை அக்காவின் சம்பவ அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் சுற்றி வளைத்துக் கேட்டிருப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் வராது.

"சிஸ்டர், நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அப்புறம் ஏன் லேட்டாச்சு?"

"பேரை எடுத்துடுவாங்களேன்னு."

பதில் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. குடுக்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். "சிஸ்டர், உங்களுக்கே அப்படித் தோணிச்சுன்னா?" என்றாள்.

ஆமாம். இருபது வருட அனுபவம் உள்ள பாறைக்கே அப்படித் தோன்றியது. வீட்டில் தனியாக இருக்கிறவர்களுக்கு? பின்வரிசைப் பெண்மணி அன்றைக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. புரிந்துவிட்டது என்று ஆட்டினார் என்றல்லவா நினைத்தேன். என்ன ஆனாலும் பேனா போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஆட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மாத்திரை கொடுத்ததையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சிஸ்டர், நீங்களா?"

"நான்தான் டாக்டர். பேனா போட்டா வெளியன்னு நாமதான் சொல்றோம். சந்தேகம் வந்தா போடுங்கன்னும் நாமதான் சொல்றோம். ரெண்டையும் ஒரே வாயால சொல்றோம்."

"அந்த விதி அவங்க பாதுகாப்புக்கு வெச்சது."

"தெரியும். ஆனா வீட்டுல அது தண்டனையா போயிடுது."

கோபம் வந்தது அவருக்கு. அவரே உட்கார்ந்து எழுதிய விதி. கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஒருத்தரை வெச்சு ஊரைச் சொல்லக்கூடாது. கேட்டுப் பாத்துடுவோம்" என்றார். எனக்கு அவரைப் பிடிப்பது இதனால்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆய்வில் இருக்கும் எல்லாருக்கும் போன் பேசி முடித்தாயிற்று. என்ன சொன்னாலும் பெயரை எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே உறுதி கொடுத்துவிட்டுக் கேட்டோம். பேசியது குடுக்கை. அவள் படபடவென்று பேசுவதைக் கேட்டால் எதிராளிக்கு ஒளிக்கத் தோன்றாது போலிருக்கிறது.

பாதிக்குப் பாதிப் பேர் ஒளித்திருக்கிறார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, எதையுமே சொல்லவில்லை. பின்வரிசைப் பெண்மணி இரண்டு தடவை. ஒரு பள்ளி ஆசிரியர் வீக்கம் அடங்கும்வரை குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மனைவி பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று. ஒரு கட்டடக் கொத்தனார் பேனாவையே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாதாம்.

எங்கள் பதிவுகளில் மட்டும் எல்லாரும் நலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்; நாங்கள் அதைப் பார்த்து, சிகிச்சை எவ்வளவு பத்திரமானது என்று பூரித்துப் போயிருக்கிறோம்.

டாக்டரம்மா இன்றே எல்லாருக்கும் தூளை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

நெறிமுறைக் குழு உட்கார்ந்தது. புது விதி: பேனா போட்டால் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அளவைக் குறைத்துத் தொடரலாம். போடாமல் மறைத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அக்காவைப் பற்றியும் பேசினார்களாம். அவளுக்குப் புது விதியிலும் இடமில்லை. மூச்சுக்குழாய் அவ்வளவு சீக்கிரம் இறுகும் உடம்புக்கு இந்தச் சிகிச்சையே சரிப்படாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆக, மாமா ஊசி போட்டதற்காக அவள் வெளியே வரவில்லை. போடாமல் இருந்தாலும் உள்ளே இருந்திருக்க மாட்டாள். எங்கேயுமே இருந்திருக்க மாட்டாள்.

இதை அவளிடம் சொல்ல வேண்டும். யார்? நான்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாமாவும் இருக்கும்போதுதான் சொன்னேன். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சீருடைச் சட்டை. தானாக அடங்கியிருக்காது அக்கா, இறுகிக்கொண்டே வந்தது, எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், உன் இடம் போய்விடுமே என்று, குரல் மாறுகிறதா பார்த்துக்கொண்டே தாமதித்தேன், மாமா செய்தது சரி, நான் செய்தது தப்பு என்று வரிசையாகச் சொன்னேன். குரல் நடுங்கியது. பாறையாம் பாறை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ நீ என்னைப் புரிஞ்சுகிட்டுச் சும்மா இருக்கல. வேடிக்கை பாத்திருக்கே."

"ஆமாக்கா."

"என் வீட்டுல உக்காந்து, என் கண்ணெதிர்ல, நான் மூச்சு முட்டறதை வேடிக்கை பாத்திருக்கே. அதுக்கு நான் உனக்கு நன்றி வேற சொன்னேன்."

மாமா, "விடு, அவளும் பயத்துலதானே..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனைவரை மாமா கூட வந்தார். "உனக்கு ஒரு கஷ்டமான வேலைதான்" என்றார். வேலையைச் சொன்னாரா, இன்றைக்குப் பேசியதைச் சொன்னாரா, தெரியவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

அக்கா போனை எடுப்பதில்லை. பிளம்பர் வந்துவிட்டார், அதுவே அதிசயம்.

மே 13, செவ்வாய்

தூளை மறுபடி ஆரம்பித்ததிலிருந்து பேனா போட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. புள்ளிவிவரம் பார்ப்பவர் பதறிப்போய் டாக்டரம்மாவிடம் ஓடிவந்தார். "மேடம், ஆபத்து மூணு மடங்கு ஆயிடுச்சு." டாக்டரம்மா அவருக்கு டீ சொல்லி உட்கார வைத்து, "ஆபத்து எப்பவும் இருந்ததுதான். இப்போதான் வாயைத் திறந்து சொல்றாங்க" என்றார். நாங்கள் எதிர்பார்த்த அளவு பத்திரமான சிகிச்சை இல்லை இது என்று கட்டுரையில் எழுதத்தான் வேண்டும். அவருக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் நிம்மதியும் இருக்கிறது, முகத்தில் தெரிகிறது.

கொத்தனார் போன் செய்தார். அவர் மனைவி போட்டுவிட்டார்களாம், இப்போது நன்றாக இருக்கிறாராம். பேனா எங்கே இருந்தது என்று கேட்டேன். சாப்பாட்டு மேஜை மேலேயே.

குடுக்கையை இப்போதெல்லாம் நான் கையைக் காட்டி நிறுத்துவது குறைந்துவிட்டது. அவளும் முன்பு போல ஓடி வருவதில்லை, நடந்து வருகிறாள். நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டோம்.

ஜூன் 3, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள்! எடுத்த எடுப்பில், "உன் மேல கோவம் போகல, தெரிஞ்சுக்கோ" என்றாள். தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். மேனேஜரிடம் மறுபடி போயிருக்கிறாள். சர்டிபிகேட் இல்லை, இனி வரவும் வராது. ஆனால் கூட வருகிற கண்டக்டருக்கும் தங்குகிற டிப்போவில் இருப்பவர்களுக்கும் பேனா போடத் தெரிந்தால் போதாதா, சாப்பாட்டை நான் டப்பாவிலேயே கொண்டு போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். சொல்லிக் கொடுக்க ஆளைக் கூட்டி வா என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"வேலை தெரிஞ்சவ நீதான். அதான் கூப்பிட்டேன்."

"எனக்கு வார்டுல போடத் தெரியும்க்கா. வீட்டுல போட்டவர் ஒருத்தர்தான். அவரைக் கூட்டிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

ஜூன் 7, சனி

டிப்போவின் ஓய்வறை. இரும்புக் கட்டில்கள், ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி, டீசல் வாடை. கண்டக்டர்களும் ஓட்டுநர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். மேனேஜர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஜன்னல் பக்கம், யாரோடும் சேராமல். அவர் செய்தது சரி என்று தெரிந்த பிறகும், இவ்வளவு நாளாகியும் மாமாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை; திட்டியதை எப்படித் திரும்ப வாங்குவாள்? இன்றும் வேண்டியதை என் மூலமாகவோ சுவரிடமோ சொன்னாள்.

பயிற்சிப் பேனாவை மாமாவிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஊசின்னா பயம். அன்னிக்கும் பயந்துகிட்டேதான் போட்டேன். பயம் போகட்டும்னு காத்திருந்தா ஆள் போயிடும். அதனால பயந்துகிட்டே போடுங்க."

சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இளம் கண்டக்டர் ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, தேவையில்லாம போட்டுட்டா?"

மாமா என்னைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

"திட்டு விழும்" என்றார் மாமா. "வாங்கிக்கம்மா. திட்டறதுக்கு ஆள் இருக்கே, அது போதும்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஜன்னலை விட்டு வந்தாள். நடுவில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, காலை நீட்டினாள்.

"என் கால்லயே காட்டுங்க," என்றாள் அவரிடம். "எல்லாரும் பாக்கட்டும்."